எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி: எரிமலை வேண்டாம் என்கிறாள் மகள், வேறு என்ன செய்யலாம்?

உடுமலை_செல்வி
ஜூலை 5, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம்ங்க. மகள் எட்டாம் வகுப்பு. ஆகஸ்ட் 7 அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. போன வருடம் எரிமலை செய்தோம். அதாவது, நான் செய்தேன். காகிதக் கூழை அப்பி, பெயின்ட் அடித்து, நடுவில் ஆப்ப சோடா, வினிகர், கொஞ்சம் சிவப்புக் கலர். நுரை பொங்கி வழிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நடுவராக வந்தவர் மட்டும் "நிஜ எரிமலைக்குள் வினிகர் இருக்குமா பாப்பா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இந்த வருடம் எரிமலை பேச்சையே எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பள்ளியிலோ "கடையில் ரெடிமேட் மாடல் கிடைக்கிறது, வாங்கி வந்துவிடுங்கள், உங்களுக்கும் நேரம் மிச்சம்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. செலவு 500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நானும் வேலைக்குப் போகிறவள், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் நேரம். நடுவர்கள் எதைப் பார்த்து அசருவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சால்டர்_மாமா
ஜூலை 5, இரவு 10.15

வெளிப்படையாகச் சொல்கிறேன் மேடம். ஒரு நடுவர் அரை நாளில் அறுபது மேசையைச் சுற்ற வேண்டும். உங்கள் மேசையில் ஏதாவது அசைய வேண்டும், எரிய வேண்டும், இல்லை சத்தம் போட வேண்டும். என் பையன் போன வருடம் கையை நீட்டினால் தானே திறக்கும் குப்பைத்தொட்டி செய்தான். ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), கை அருகே வந்ததை உணரும் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், மூடியைத் தூக்க ஒரு சர்வோ மோட்டார், அவ்வளவுதான். மாவட்டம் வரை போனான். கோவை பக்கம் வந்தால் சொல்லுங்கள், சாமான் எங்கே வாங்குவது என்று காட்டுகிறேன்.

பிளஸ்டூ_பையன்
ஜூலை 5, இரவு 10.32

அங்கிள், அதே குப்பைத்தொட்டி எங்கள் பள்ளியில் மட்டும் நான்கு வந்திருந்தது. நான்கும் ஒரே வீடியோவைப் பார்த்துச் செய்தவை. ஒன்றில் மூடி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆமை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

நடுவர்_நாற்காலி
ஜூலை 6, காலை 6.20

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பத்து வருடத்துக்கு மேலாகப் பள்ளிக் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போய்வருகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

சால்டர் மாமா சொல்வதில் பாதி உண்மை. எங்களுக்கு நேரம் குறைவு, கால் வலிக்கும், பத்தாவது மழைநீர் சேகரிப்பு மாடலைத் தாண்டும்போது கண் சொருகும். 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 நிலவில் இறங்கியது அல்லவா? அதற்கடுத்த சில மாதங்கள் நான் போன இடமெல்லாம் தெர்மாகோல் விக்ரம் லேண்டர்தான். அசைகிறதா, எரிகிறதா என்பது எங்களை மேசைக்கு அழைத்து வரும். வந்து நின்ற பிறகு நாங்கள் கேட்பது வேறு.

நான் எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வி, "இதைச் செய்யும்போது என்ன சொதப்பியது?" கடையில் வாங்கிய பிள்ளை "எதுவும் சொதப்பவில்லை சார்" என்று சொல்லும். அப்பா செய்து கொடுத்த பிள்ளையும் அதையேதான் சொல்லும். தானே செய்த பிள்ளைக்கு மட்டும் முகம் மாறும். "சார், மூணு நாள் ரீடிங் எல்லாம் தப்பா வந்துச்சு சார்" என்று ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போட எனக்கு யோசனையே தேவைப்படாது.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் தேசியக் குழந்தைகள் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மதிப்பெண் பங்கீடு உண்டு. குழந்தையின் சொந்தக் கற்பனைக்கும் படைப்பாற்றலுக்கும் 20 சதவீதம். புதுமை, அறிவியல் அணுகுமுறை, கைவேலை நேர்த்தி, பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் 15. செலவுக் குறைவு, தூக்கிச் செல்லும் வசதி போன்றவற்றுக்கு 10. காட்சிப்படுத்தி விளக்குவதற்கு வெறும் 10. அமெரிக்காவில் 1950 முதல் நடந்துவரும் ஐசெஃப் என்ற பள்ளி மாணவர் அறிவியல் போட்டியில் நேர்காணலுக்கு மட்டுமே 100க்கு 25. ஆக, இங்கேயும் சரி அங்கேயும் சரி, ஜிகினா பேப்பருக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

சால்டர்_மாமா
ஜூலை 6, காலை 8.05

சார், காகிதத்தில் எல்லாம் சரிதான். உள்ளூர்ப் பள்ளிக்கு வரும் நடுவர் அந்தப் பங்கீட்டைப் பார்த்தா போடுகிறார்? பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வருவார், டீ குடிப்பார், பெரிய மாடலுக்கு முதல் பரிசு போடுவார். நான் கண்ணால் பார்த்தது.

நடுவர்_நாற்காலி
ஜூலை 6, காலை 8.40

நடக்கிறது. மறுக்க மாட்டேன்.

பழைய_சாக்பீஸ்
ஜூலை 6, மாலை 5.10

இயற்பியல் ஆசிரியராக 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா செல்வி, பரிசை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் வீட்டில் பாப்பாவுக்கு விடை தெரியாத, ஆனால் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தேடுங்கள். புத்தகத்தில் விடை இருக்கும் கேள்வி வேண்டாம். "காற்று மாசு பற்றி", "சூரிய ஆற்றல் பற்றி" என்று "பற்றி"யில் முடிவதும் வேண்டாம், அது கட்டுரைத் தலைப்பு. இன்று இரவு சாப்பிடும்போது அவளிடமே கேட்டுப் பாருங்களேன்.

உடுமலை_செல்வி
ஜூலை 7, இரவு 9.15

அய்யா, கேட்டேன். முதலில் "தெரியாது" என்றாள். அப்புறம் தோசை தின்றுகொண்டே, "பாட்டி ஏன் ஆடி மாசம் பானைத் தண்ணி சித்திரையை விட ஜில்லுனு இருக்குன்னு சொல்றாங்க? வெயில் காலத்துலதானே பானை வேலை செய்யணும்?" என்றாள். மாமியார் வருடா வருடம் இதைச் சொல்வார். நாங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. இது தேறுமா?

பழைய_சாக்பீஸ்
ஜூலை 7, இரவு 9.50

தேறுமாவா! உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்று ஆனி, ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம்தான் அடித்துத் தள்ளுகிறது. உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று அடித்தால் ஆவியாதல் கூடும். பாட்டி சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் "இருக்கலாம்" போதாது, அளக்க வேண்டும்.

ஒரே குயவரிடம் ஒரே அளவில் இரண்டு சிறிய பானை வாங்குங்கள். ஒன்றின் வெளிப்புறம் முழுவதும், அடிப்பாகம் உட்பட, எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். மண் அதே மண், வடிவம் அதே வடிவம், துளை மட்டும் அடைபட்டிருக்கும். மூன்றாவதாக ஒரு எவர்சில்வர் பாத்திரம். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர், மூன்றுக்கும் மூடி. பானையைப் பிளாஸ்டிக் குடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் நடுவர் "மண் என்பதால் குளிர்கிறதா, துளை இருப்பதால் குளிர்கிறதா?" என்று கேட்பார். பெயின்ட் அடித்த பானை அதற்குப் பதில் சொல்லிவிடும்.

கிராமத்து_டீச்சர்
ஜூலை 7, இரவு 10.20

பெயின்ட் அடித்த பானை நல்ல யோசனை அய்யா. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், இதைத் திருடிக்கொள்கிறேன்.

செல்வி அக்கா, ஒரு சின்ன எச்சரிக்கை. வீட்டில் காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள். அது 35 டிகிரியிலிருந்துதான் காட்டும். என் மாணவன் ஒருவன் அதைப் பானைக்குள் விட்டு, "டீச்சர், தண்ணி செத்துப் போச்சு" என்றான். ஆய்வகத் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். வாங்கியதும் இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, நோட்டில் எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

பள்ளிக் கண்காட்சியோடு நிறுத்த வேண்டாம். மாணவர்களின் புது யோசனைகளுக்கு உதவும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் வரை தலைமையாசிரியர் இணையத்தில் பதிவேற்றலாம். தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். ஆனால் அங்கே அவர்கள் தேடுவது புதுக் கருவி, புது யோசனை. இதைப் போல உள்ளூர்ப் பிரச்சினையை அளந்து பார்க்கும் ஆய்வுக்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடுதான் பொருத்தம். 1993லிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பல வருடங்களாக அதற்கு உழைத்து வருகிறார்கள்.

சால்டர்_மாமா
ஜூலை 8, காலை 7.30

பானையா? சரி, உங்கள் இஷ்டம். ஆனால் இது புதுசே இல்லையே. குஜராத்தில் வாங்கனேர் ஊர்க்காரர் மன்சுக்பாய் பிரஜாபதி மண்ணிலேயே குளிர்சாதனப் பெட்டி செய்து "மிட்டிகூல்" என்று விற்கிறார். 2001 பூகம்பத்துக்குப் பிறகு வந்த யோசனை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து நடுவில் ஈர மணலை நிரப்பி 2000இல் ரோலக்ஸ் விருதே வாங்கிவிட்டார். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் 27 நாள் தாங்கியதாம். "இது ஏற்கெனவே இருக்கிறதே?" என்று நடுவர் கேட்டால் பாப்பா என்ன சொல்லும்?

நடுவர்_நாற்காலி
ஜூலை 8, காலை 9.10

கேட்கும் முன்பே பாப்பா சொல்லிவிட வேண்டும். "இவர்கள் இருவரும் பானையைப் பயன்படுத்திக் காட்டினார்கள், எங்கள் ஊரில் எந்த நாளில் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று நான் அளந்தேன்." இந்த ஒரு வாக்கியத்துக்கே நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். மாமா, எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு பாப்பாவுக்கு நல்ல உதவி செய்திருக்கிறீர்கள்.

சால்டர்_மாமா
ஜூலை 8, காலை 9.25

அடப்பாவமே.

உடுமலை_செல்வி
ஜூலை 14, இரவு 8.50

ஒரு வாரம் ஓடிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

பானை இரண்டும் வாங்கினோம். பெயின்ட் அடித்துக் காயவே இரண்டு நாள், வீடெல்லாம் நாற்றம், மாமியார் "குடிக்கிற பானைக்குப் பெயின்டா!" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. முதல் நாள் ஸ்கேலை உள்ளே விட்டுத் தண்ணீர் மட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தாள். சாதாப் பானையில் மட்டம் ஒரு மணி நேரத்திலேயே விறுவிறுவென்று இறங்கியது. "அம்மா, எவ்ளோ ஆவியாகுது பாருங்க!" என்று குதித்தாள். மாமியார் உள்ளே இருந்தபடியே, "புதுப்பானை தண்ணி குடிக்கும்டி. ஒரு ராத்திரி ஊறப் போடாம வச்சா அப்படித்தான்" என்றார். பானைச் சுவர் குடித்த தண்ணீரை எல்லாம் ஆவிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்.

முதல் நாள் கணக்கு முழுக்கப் போச்சு. அழுகை வேறு.

பழைய_சாக்பீஸ்
ஜூலை 14, இரவு 9.20

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குறுக்கே ஒரு கோடு போட்டு, ஏன் தப்பு என்று பக்கத்தில் எழுதட்டும்.

இரண்டு பானையையும் ஓர் இரவு தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மட்டத்தை அளக்காமல், பானையோடு தண்ணீரையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். சுவர் குடித்த நீரும் அந்த எடைக்குள்ளேயே இருக்கும். வெளியே போனது மட்டும்தான் குறையும். ஒரு கிராம் வரை காட்டும் 5 கிலோ தராசு போதும், பானைக்குள் 2 லிட்டர் ஊற்றினால் தாங்கும்.

இன்னும் சில. மூன்றையும் நிழலில், ஒரே உயரத்தில், செங்கல் மேல் வையுங்கள், அடியிலும் காற்று போகட்டும். தினமும் இடத்தை மாற்றி வையுங்கள், ஓரத்தில் இருப்பதற்குக் காற்று கூடுதலாகக் கிடைத்துவிடக் கூடாது. அப்புறம் இரண்டாவது தெர்மாமீட்டரின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைச் சின்னக் கிண்ணித் தண்ணீரில் தொங்கவிட்டு, காற்றுபடும் இடத்தில் மாட்டுங்கள். அது காட்டும் அளவையும் எழுதி வரச் சொல்லுங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

பிளஸ்டூ_பையன்
ஜூலை 14, இரவு 9.26

ஈரக்குமிழ் வெப்பமானி தானே சார்?

பழைய_சாக்பீஸ்
ஜூலை 14, இரவு 9.28

தம்பி, வகுப்பில் முதல் பெஞ்சுக்காரனா நீ? வாயை மூடு.

திருவான்மியூர்_காத்து
ஜூலை 15, மதியம் 1.00

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் ஒரு பானை வாங்கி வந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பானைத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுவென்றே இருக்கும். பானையைக் குறை சொல்லி மூன்று பானை மாற்றியாயிற்று. பாப்பாவுக்குச் சென்னைக் கணக்கு வேண்டுமென்றால் நான் அளந்து தருகிறேன். பால்கனி, கடல் அரை கிலோமீட்டர்.

உடுமலை_செல்வி
ஜூலை 15, இரவு 9.05

வேண்டும் வேண்டும் என்கிறாள். காலை 10 மணிக்கு 2 லிட்டர் ஊற்றி, மாலை 4 மணிக்கு அளக்க வேண்டுமாம். மறக்காமல் மூடி போடச் சொல்கிறாள் அண்ணா. உத்தரவு எல்லாம் பலமாக இருக்கிறது.

(பகலில் அவள் பள்ளியில் இருப்பதால் வார நாட்களில் 4 மணி அளவை மாமியார்தான் எடுக்கிறார். எழுத்துக் கூட்டி எண்ணை மட்டும் எழுதுவார். நோட்டில் அந்தப் பக்கங்களில் பாட்டியின் கையெழுத்து என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறாள்.)

உடுமலை_செல்வி
ஜூலை 24, இரவு 10.10

ஐந்து நாள் கணக்கு ஆயிற்று. இரண்டு நாளை மட்டும் இங்கே போடுகிறேன்.

நல்ல காற்று அடித்த நாள். காற்றின் வெப்பம் 31 டிகிரி, ஈரத்துணி தெர்மாமீட்டர் 24. மாலை 4 மணிக்கு எவர்சில்வர் பாத்திரத்துத் தண்ணீர் 30.5, பெயின்ட் பானை 30, சாதாப் பானை 25.5. சாதாப் பானை இழந்த எடை 160 கிராம். மற்ற இரண்டும் ஐந்து கிராம்கூட இழக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்தே சாரல். காற்று 27.5, ஈரத்துணி 25.5, சாதாப் பானை 26. இழந்தது 40 கிராம்தான். "இந்த நாளை எடுத்துடலாம்மா, ரிசல்ட் கெட்டுப் போகுது" என்கிறாள். எடுத்துவிடலாமா?

இன்னொரு பெரிய பிரச்சினை. பாடப் புத்தகத்தை வைத்து அவளே ஒரு கணக்குப் போட்டாள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 540 கலோரி. 160 கிராமுக்கு 86,400 கலோரி. 2,000 கிராம் தண்ணீரிலிருந்து அவ்வளவு வெப்பம் போனால் 43 டிகிரி குறைய வேண்டும். குறைந்ததோ ஐந்து, ஆறு டிகிரி. கணக்குப்படி பானைக்குள் ஐஸ் அல்லவா இருக்க வேண்டும்! எங்கே தப்பு என்று எனக்கும் தெரியவில்லை, இரண்டு பேரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பழைய_சாக்பீஸ்
ஜூலை 24, இரவு 10.40

அம்மா, இதைப் படித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகப் போட்ட கணக்கா இது? சொல்லப்போனால் அவள் குறைத்தே போட்டிருக்கிறாள். 540 என்பது 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கு. சாதாரண வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி. அப்படிப் பார்த்தால் 46 டிகிரி குறைய வேண்டும்.

கணக்கில் தப்பு இல்லை. ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பானை குளிர ஆரம்பித்த நொடியிலிருந்து சுற்றியுள்ள காற்றை விட அது குளிர்ந்த பொருள். உடனே காற்றிலிருந்து வெப்பம் பானைக்குள் நுழைய ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் ஆவி வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது, மறுபக்கம் காற்று உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. ஓட்டை வாளியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். ஆறு மணி நேரத்தில் ஆவி எடுத்துப்போன 92,800 கலோரியில் தண்ணீரைக் குளிர்விக்க ஆனது ஏறக்குறைய 11,000. மிச்சமெல்லாம் காற்று திருப்பிக் கொடுத்ததை மறுபடி வெளியேற்றவே செலவானது.

இப்போது ஈரத்துணி தெர்மாமீட்டரைப் பாருங்கள். அதுவும் ஒரு குட்டிப் பானைதானே! அந்தக் காற்றில் ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியுமோ அதுதான் அந்த அளவு. பானை அதற்குக் கீழே போகாது. நல்ல காற்று நாளில் எல்லை 24, பானை 25.5. சாரல் நாளில் எல்லை 25.5, பானை 26. இரண்டு நாளிலுமே பானை எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. சாரல் நாளில் பானை சோம்பேறித்தனம் பண்ணவில்லை, எல்லைக்கோடே மேலே ஏறிவிட்டது.

அந்த நாளை எடுத்தீர்கள் என்றால் மொத்த வேலையின் உயிரையே எடுத்த மாதிரி.

நடுவர்_நாற்காலி
ஜூலை 24, இரவு 11.05

அய்யா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிடிக்காத அளவை நீக்கும் பழக்கம் எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று நான் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாரல் நாளை வேறு நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நடுவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

"ஐஸ் ஆகியிருக்க வேண்டுமே" கணக்கையும் சார்ட்டில் போடுங்கள். முதலில் இப்படிக் கணக்குப் போட்டேன், பொருந்தவில்லை, பிறகு காரணம் புரிந்தது என்று.

திருவான்மியூர்_காத்து
ஜூலை 25, மாலை 6.30

சென்னைக் கணக்கு இதோ. மதியமே கடற்காற்று வந்துவிட்டது. 4 மணிக்குக் காற்று 33 டிகிரி, ஈரத்துணி 28, பானைத் தண்ணீர் 29. இழந்தது 70 கிராம். என் செல்பேசி ஈரப்பதம் 70 சதவீதம் என்று காட்டியது.

ஆக, என் மூன்று பானையும் நிரபராதி. கடல்காரன்தான் குற்றவாளி. 28 டிகிரிக்குக் கீழே போக முடியாத ஊரில் இருந்துகொண்டு பானையைத் திட்டியிருக்கிறேன்.

பிளஸ்டூ_பையன்
ஜூலை 25, மாலை 6.50

ஈரக்குமிழ் (அதாவது ஈரத்துணி தெர்மாமீட்டர்) அட்டவணையைப் பார்த்தேன். 38 டிகிரி, 30 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் ஈரக்குமிழ் 24க்குப் பக்கத்தில்தான் வரும். கத்திரி வெயில் காயும் உள் மாவட்டத்துப் பானை, 33 டிகிரி சென்னைப் பானையை விடக் குளிரும். தலை சுற்றுகிறது.

கிராமத்து_டீச்சர்
ஜூலை 25, இரவு 9.00

அக்கா, கிடை அச்சில் ஈரத்துணி அளவு, நிலை அச்சில் பானைத் தண்ணீர் அளவு போட்டு ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள். ஐந்து உடுமலைப் புள்ளி, ஒரு சென்னைப் புள்ளி. கையாலேயே வரைகட்டத் தாளில் வரையட்டும். பாட்டி சொன்னதுக்கும் பதில் வந்துவிடும்: வெயிலை விட, காய்ந்த காற்றுதான் பானைக்கு முக்கியம்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பற்றித்தான். தெருவில் இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துத்தான் சூரிய சக்தி இஸ்திரி வண்டி யோசனை வந்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையில் பேசினாள். தொடக்கம் தெருவில்தான்.

சால்டர்_மாமா
ஜூலை 26, காலை 7.15

நானும் விடாமல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அறிவியல் எல்லாம் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேசையில் மூன்று பாத்திரம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். நடுவர் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பாவது சாதாப் பானையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். மூன்றிலும் மூன்று டிஜிட்டல் தெர்மாமீட்டர், பெரிய எழுத்தில் எண் ஒளிர வேண்டும். என்னிடம் மூன்று சும்மா கிடக்கிறது, பஸ் பார்சலில் அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

உடுமலை_செல்வி
ஜூலை 26, இரவு 8.30

ரொம்ப நன்றிங்க அண்ணா. கூடவே பாப்பா ஒரு யோசனை சொன்னாள். தலைப்பை "மண்பானைக் குளிரூட்டி" என்று வைக்காமல் "பானைத் தண்ணீர் எந்த நாளில் அதிகம் குளிரும்?" என்று கேள்வியாகவே எழுதலாமாம். பார்க்க வருகிறவர்கள் மூன்று பாத்திரத்தையும் தொட்டுப் பார்த்து, எது எவ்வளவு டிகிரி என்று ஊகித்து ஒரு தாளில் எழுத வேண்டும், பிறகுதான் துணியை விலக்கித் தெர்மாமீட்டரைக் காட்டுவாளாம்.

நடுவர்_நாற்காலி
ஜூலை 26, இரவு 9.00

இது யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லையா? சரி. இனி நாம் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். பேச்சை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். நடுவில் குறுக்கிட்டுக் கேட்டால் மனப்பாடம் செய்த பிள்ளை முதல் வரிக்குத் திரும்பிப் போய்விடும். "தெரியாது சார், அதை நான் அளக்கலை" என்று தயங்காமல் சொல்லவும் பழக்குங்கள்.

உடுமலை_செல்வி
ஆகஸ்ட் 8, காலை 11.20

நேற்று முடிந்தது. எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் செய்த பெரிய ராக்கெட் மாடலுக்கு, விளக்கெல்லாம் எரிந்தது. சால்டர் அண்ணா, உங்கள் பேச்சு பலித்தது. ஆனால் உங்கள் தெர்மாமீட்டர் இருந்ததால்தான் எங்கள் மேசையிலும் கூட்டம்.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். இன்னொரு மேடம் நோட்டைக் கையில் எடுத்து, குறுக்கே கோடு போட்ட முதல் நாள் பக்கத்தில் நின்று, "இது என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான், பாட்டி கதை, புதுப்பானை தண்ணி குடித்த கதை, ஐஸ் கணக்கு என்று இருபது நிமிடம். கடைசியாக மேடம் "ஏசி அறையில் பானையை வைத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "தெரியாது மேடம். எங்க வீட்ல ஏசி இல்ல" என்றாள். மேடம் சிரித்துவிட்டு, தன் வீட்டில் வைத்து அளந்து சொல்வதாக நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாநாட்டுக்கு இதையே கொடுக்கலாமா என்று கிராமத்து டீச்சரிடம் தனியாகக் கேட்கிறேன்.

பழைய_சாக்பீஸ்
ஆகஸ்ட் 8, மதியம் 12.05

பாட்டி வந்திருந்தாரா?

உடுமலை_செல்வி
ஆகஸ்ட் 8, மதியம் 12.30

வந்தார் அய்யா. பெயின்ட் பானையைத் தொட்டுப் பார்த்து எல்லோரிடமும் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை ஆரம்பித்தாயிற்று. எங்கள் பழைய பானை மூன்று வருடம் ஆனது, போர் தண்ணீரின் உப்பு வெளியே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது புதுப்பானை அளவுக்குக் குளிர்வதில்லை. துளை அடைத்துவிட்டது, தேங்காய் நாரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார் மாமியார். தேய்த்தால் மேல் உப்புதான் போகும், துளைக்குள் இருப்பது எப்படிப் போகும் என்கிறாள் இவள். தேய்ப்பதற்கு முன் ஐந்து நாள், தேய்த்த பின் ஐந்து நாள் எடை போடப் போகிறாளாம். ஒரு பானை மட்டும் போதாது, குறைந்தது மூன்று பழைய பானை வேண்டும் என்கிறாள். உடுமலை, பொள்ளாச்சி பக்கம் யார் வீட்டிலாவது உப்புப் பூத்த பழைய பானை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

திருவான்மியூர்_காத்து
ஆகஸ்ட் 8, மதியம் 12.41

என்னிடம் மூன்று இருக்கிறது.